இடப்பக்கத்து பிரேக்

சாவி சட்டைப்பையில் இல்லை. பேண்டின் வலது பையில் இல்லை, இடது பையில் ரொட்டிக்கடை ரசீது மட்டும் இருந்தது, கோட்டின் நான்கு பைகளில் கைக்குட்டை, கண்ணாடிக் கூடு, வழி தவறினால் காட்டுவதற்கென்று மனைவி பிலோமினா எழுதிக் கொடுத்த வீட்டு விலாசம். மறுபடி சட்டைப்பை. மூன்றாம் மாடியில் எங்கள் வீட்டுக் கதவுக்கு முன்னால் நின்றுகொண்டு, செக்போஸ்டில் போலீஸ்காரர் தடவுவதுபோல என்னை நானே தடவிப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு கையில் ரொட்டியும் கொத்தமல்லிக் கட்டும் இருந்த பை. இந்த ஊர்க் கதவுக்கு ஒரு குணம், இழுத்துச் சாத்தினால் தானே பூட்டிக்கொள்ளும், சாவி இல்லாவிட்டால் குடியிருப்பவனையும் உள்ளே விடாது. காலையில் ஒன்பதரைக்குக் கதவை இழுத்துச் சாத்தியது ஞாபகம் இருக்கிறது. சாவியை எடுத்தது ஞாபகம் இல்லை. எடுத்திருப்பேன். எடுக்காமல் யாராவது கதவைச் சாத்துவார்களா. வழக்கமாக அதை ஷூ வைக்கும் அலமாரியின் விளிம்பில் வைப்பேன், அங்கேயிருந்து எடுத்துப் பையில் போட்டிருப்பேன், வழியில் எங்கோ விழுந்திருக்கும். வெறும் சாவி, வளையம்கூடக் கிடையாது. அதற்கு ஒரு வளையம் போடுங்க என்று பிலோமினா மூன்று முறை சொன்னாள். என்னிடம் இருக்கும் ஒரே வளையத்தில் ‘அருள் டிரைவிங் ஸ்கூல், திண்டுக்கல்’ என்று எழுதியிருக்கிறது. அதைப் பெட்டியின் அடியில் துணிகளுக்குக் கீழே போட்டு வைத்திருக்கிறேன், பார்க்கப் பிடிக்காமல். மணி பன்னிரண்டே கால். அவளுக்கு ஆஸ்பத்திரியில் டியூட்டி இரண்டு மணிக்கு முடியும், நடந்து வீட்டுக்கு வர இரண்டரை ஆகும். அதற்குள் கண்டுபிடித்துவிட்டால் ஒன்றும் நடக்கவில்லை.

படி இறங்கினேன், கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு படியையும் பார்த்துப் பார்த்து. பார்க்காமல் இறங்கினால் வலது கால் எந்தப் படியில் இருக்கிறது என்று எனக்குத் தெரியாது. பாதம் மரத்துப்போய்விட்டது. கொஞ்சநேரம் மரத்து, உதறினால் எறும்பு ஊறுகிற மாதிரி திரும்பி வருமே, அது இல்லை; இது போனது போனதுதான். இதை யாரிடமும் சொன்னதில்லை. சொல்ல வேண்டிய ஒரே ஆள் பிலோமினா, அவளிடம்தான் சொல்லவே முடியாது. பதினெட்டு வருஷம் ஊரில் சர்க்கரை நோயாளிகளின் காலைக் கழுவிக் கட்டுப் போட்ட நர்ஸ் அவள். ஒரு பாதத்தைப் பார்த்தால் போதும், அந்த ஆள் எத்தனை வருஷமாக மாத்திரையை ஏமாற்றுகிறான் என்று சொல்லிவிடுவாள். என் காலைப் பார்த்தால் திட்ட மாட்டாள், அழ மாட்டாள், நர்ஸ் குரலில் ஒரே ஒரு கேள்வி கேட்பாள்: எப்போலேர்ந்து? அந்தக் கேள்விக்குப் பயந்துதான் இந்த ஊருக்கு வந்த எட்டு மாதமாக வீட்டுக்குள்ளும் காலுறை போட்டுக்கொண்டு திரிகிறேன், படுக்கும்போதும் கழற்றுவதில்லை. குளிருது பிலோ என்கிறேன். ஜூலை மாத வெயிலிலும் அதையே சொன்னேன். அவள் தன் உள்ளங்கையை என் நெற்றியில் வைத்துப் பார்த்துவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொண்டாள். பல்லைக் கடித்துக்கொண்டு ஜெர்மன் படித்து, நாற்பத்தோரு வயதில் பரீட்சை எழுதி, இங்கே வேலை வாங்கியவள். நான் அவளோடு வந்தவன். விசாவில் அப்படித்தான் போட்டிருக்கிறது.

வாசலில் இறங்கித் தரையைப் பார்த்துக்கொண்டே நடந்தேன். தரையைப் பார்த்துக்கொண்டு நடப்பது எனக்கு இப்போது பழக்கம்தான், சாவிக்காக என்று ஒரு காரணம் கிடைத்ததில் ஒருவிதத்தில் நிம்மதி. ஃப்ரைபுர்க் என்று ஊருக்குப் பேர். எங்கள் பேட்டையில் எல்லாமே கால்மணி நேர நடையில் இருக்கிறது, ரொட்டிக்கடை, டாக்டர், மாதா கோயில், ஆறு. வந்த அன்றைக்கு ஆஸ்பத்திரியிலிருந்து எங்களை அழைத்துப்போக வந்த பெண், இங்கே உங்களுக்குக் கார் தேவையே இருக்காது என்று சிரித்துக்கொண்டே சொன்னாள், ஏதோ பரிசு கொடுப்பதுபோல. பிலோமினா மொழிபெயர்த்துவிட்டு என் முகத்தைப் பார்த்தாள். இருபத்திரண்டு வருஷம் காரிலேயே உட்கார்ந்து சோறு சம்பாதித்தவன் நான். ஆயிரத்துச் சொச்சம் பேருக்குக் கற்றுக்கொடுத்திருக்கிறேன், கிளட்ச்சை மிதி, கியரை மாற்று, மெதுவாக விடு, மெதுவாக, மெதுவாக என்று சொன்னேனா இல்லையா. அண்ணன் ஞாயிற்றுக்கிழமைதோறும் போன் செய்து, கார் வாங்கியாச்சாடா என்கிறார். இங்க தேவையில்லண்ணே, எல்லாரும் நடந்துதான் போறாங்க என்றால் இழவு வீட்டில் பேசுகிற குரலில், சரி விடு, சீக்கிரம் வாங்கிருவீங்க என்கிறார். அவருக்கு எப்படிப் புரிய வைப்பது. வக்கீலும் நடக்கிறான், பாதிரியாரும் நடக்கிறார், எண்பது வயசுக் கிழவி சைக்கிளில் போகிறாள், திரும்புவதற்கு முன்னால் கையை நீட்டி சிக்னல் காட்டுகிறாள், அதைப் பார்த்தால் என் மாணவர்கள் பாதிப் பேர் வெட்கப்பட வேண்டும்.

தெருவைக் கடக்கிற வரிக்கோடு வந்தது. ஒரு பச்சைக் கார் நின்றது, எனக்காக. வந்த புதிதில் இது ஒரு பெரிய கூத்து. ஊரில் கடப்பதுபோல நான் வலது கையைத் தூக்கி நிறுத்து நிறுத்து என்று காட்டிக்கொண்டே இறங்குவேன், காரோ எப்போதோ நின்றிருக்கும், வணக்கம் சொல்கிறேன் என்று நினைத்து ஓட்டுகிறவர் பதிலுக்குக் கை ஆட்டுவார். ஒரு நாள் ஒரு பெரியவருக்கு நீங்க போங்க என்று காட்டினேன், அவர் நீங்க போங்க என்று காட்டினார், நான் மறுபடி காட்ட அவர் மறுபடி காட்ட, பின்னால் நான்கு கார் நின்றுவிட்டது, ஒருவரும் ஹாரன் அடிக்கவில்லை. இப்போது கையைத் தூக்குவதில்லை. ஆனால் ஒவ்வொரு காரையும் பார்க்கும்போது நெஞ்சு ஒரு முறை இடிக்கிறது. ஊரில் நான் உட்கார்ந்த இடப்பக்கத்து சீட்டில் இங்கே டிரைவர் உட்கார்ந்திருக்கிறார். டிரைவிங் ஸ்கூல் காரில் கற்றுக்கொடுப்பவனுக்கென்று இடப்பக்கம் தனியாக ஒரு பிரேக் வைத்திருக்கும், ஓட்டுகிறவர் பயந்து எதையாவது மிதித்துவிட்டால் நான் அதை மிதித்து வண்டியை நிறுத்த வேண்டும். என் தொழில் அவ்வளவுதான், மற்றதெல்லாம் வாய். இங்கே எல்லாக் காருக்கும் பிரேக் இடப்பக்கம்தான். எதிரே கார் வேகமாக வந்தால் நடந்துகொண்டிருக்கும்போதே என் வலது கால் அழுத்துகிறது, அழுத்துவதாக நினைக்கிறேன். குனிந்து பார்த்தால் சும்மா தரையில் இருக்கிறது.

ரொட்டிக்கடையில் அதே பெண்தான் இருந்தாள், காதில் பெரிய வளையம் போட்டவள், காலையில் எனக்கு ரொட்டி எடுத்துக் கொடுத்தவள். வழியெல்லாம் வாக்கியத்தை மனப்பாடம் செய்துகொண்டே வந்தேன். என் சாவி தொலைந்துவிட்டது, இங்கே பார்த்தீர்களா. சொன்னேன். அவள் புருவத்தைச் சுருக்கி, சத்தமாக, காது கேளாதவனிடம் பேசுவதுபோல, எவ்வளவு பெரியது என்று கேட்டாள். விரலால் காட்டினேன், இவ்வளவுதான். என்ன நிறம் என்றாள். வெள்ளி என்றேன். உள்ளே போய் ஒரு சின்ன எவர்சில்வர் கிண்ணத்தைக் கொண்டுவந்து, இதுவா என்றாள். அப்போதுதான் புரிந்தது. ஷ்லுஸ்ஸல் என்றால் சாவி, ஷுஸ்ஸல் என்றால் கிண்ணம். நடுவில் ஒரு ‘ல்’, அதை நான் விழுங்கிவிட்டேன். என் கிண்ணம் தொலைந்துவிட்டது என்று ஒரு கடையில் வந்து நின்றிருக்கிறேன். கையால் பூட்டைத் திறப்பதுபோல் செய்து காட்டினேன், அவள் ஆ என்று சிரித்தாள், நல்ல சிரிப்பு, கேலி இல்லை, கடைக்கு வெளியே வந்து என்னோடு சேர்ந்து படிக்குக் கீழெல்லாம் தேடினாள். நானும் சிரித்தேன். சிரிக்க வேண்டிய இடம் என்று தெரிந்து சிரித்தேன். எட்டு மாதமாக எல்லாம் இப்படித்தான் இருக்கிறது, சிரிப்பு வர வேண்டிய இடம் தெரிகிறது, சிரிப்பு வருவதில்லை. மகன் திருச்சி ஹாஸ்டலிலிருந்து போன் செய்யும்போது ஏங்க வேண்டும் என்று தெரிகிறது, ஏக்கம் வருவதில்லை. பாதத்தில் ஆரம்பித்தது மெதுவாக மேலே ஏறிக்கொண்டிருக்கிறதோ என்று சில நாள் காலையில் தோன்றும். அது பயமாக இருக்கிறதா என்று என்னையே கேட்டுப் பார்ப்பேன். பயமாகத்தான் இருக்க வேண்டும்.

அங்கிருந்து பழைய ஊர்ப் பக்கம். பெரிய கோயிலைச் சுற்றிச் சந்தை, காலையில் அங்கேதான் கொத்தமல்லி வாங்கினேன், கைப்பிடிக்குள் அடங்குகிற ஒரு சின்னக் கட்டு, அதற்கே பிலோமினா முகம் மலர்ந்துவிடும். தெரு முழுக்க ஆற்றுக் கூழாங்கல்லை நறுக்கிப் பதித்திருக்கிறார்கள், பூ மாதிரி, சூரியன் மாதிரி. ஷூவோடு நடந்தாலே கல் உறுத்தும், சுகமா இருக்கு என்று பிலோமினா ஒருமுறை சொன்னாள். ஆமா என்றேன். இந்த ஷூவை வாங்கும்போதும் கடைக்காரப் பெண் இடிக்கிறதா என்று கேட்டாள், இடிக்கவில்லை என்றேன். எது இடித்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பேன். தடிமனான காலுறைக்கு இருக்கட்டும் என்று இரண்டு அளவு பெரிதாக வாங்கிவிட்டோம், தொளதொளவென்று இருக்கிறது. இந்தத் தெருக்களின் ஓரத்தில் சின்னச் சின்ன வாய்க்கால் ஓடும், ஒரு சாண் அகலம், மலையிலிருந்து வருகிற தண்ணீர். குழந்தைகள் அதில் மரப்படகைக் கயிறு கட்டி இழுத்துக்கொண்டு போவார்கள். நான் கல்லுக்கும் கல்லுக்கும் நடுவே சாவி மினுங்குகிறதா என்று பார்த்துக்கொண்டே வந்தவன், ஏதோ சளக் சளக் என்று சத்தம் கேட்டு நின்றேன். யாரோ ஈரத்தில் நடக்கிறார்கள் என்று நினைத்துத் திரும்பிப் பார்த்தேன். யாரும் இல்லை. என் வலது கால் வாய்க்காலுக்குள் இருந்தது. கணுக்கால் வரை தண்ணீர். அக்டோபர் மாதத்து மலைத் தண்ணீர், எலும்பு வரை சில்லென்று ஏறியிருக்க வேண்டும். நான் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன், ஷூவின் நாடா தண்ணீரோடு போகிற பக்கம் நீண்டு ஆடியது.

அன்றைக்கும் இப்படித்தான் குனிந்து பார்த்தேன். இங்கே வருவதற்கு ஒரு வருஷம் முன்னால், மார்ச் மாதம், காலை ஏழு மணி. தமயந்தி மேடம் என்று ஒருத்தர், கூட்டுறவு வங்கியில் கேஷியர், கணவர் இல்லை, அம்மாவை வாரத்துக்கு இரண்டு நாள் டயாலிசிஸுக்குக் கூட்டிப்போக வேண்டும் என்று ஒரு பழைய கார் வாங்கிப் போர்டிகோவில் நிறுத்திவிட்டு என்னிடம் கற்றுக்கொள்ள வந்தார். பயந்த சுபாவம், ஆனால் நன்றாகக் கற்றுக்கொண்டார், அன்றைக்குப் பதினான்காம் நாள். ரவுண்டானாவைத் தாண்டும்போது ஒரு ஆட்டோ குறுக்கே வந்தது, பதறிப்போய் பிரேக்குக்குப் பதில் ஆக்ஸிலேட்டரை மிதித்துவிட்டார். எல்லாரும் செய்கிற தப்பு. அதற்காகத்தான் நான் இடப்பக்கம் உட்கார்ந்திருக்கிறேன். மிதித்தேன். ஓங்கி மிதித்தேன் என்று சத்தியம் செய்யத் தயாராக இருந்தேன். வண்டி நிற்கவில்லை. கரும்புச்சாறு வண்டி சாய்ந்தது, கடைக்காரர் குதித்துத் தப்பித்தார், மேடத்தின் மணிக்கட்டு ஸ்டியரிங்கில் மோதி உடைந்தது. கூட்டம் கூடுவதற்குள் நான் குனிந்து பார்த்தேன். என் கால் பிரேக்குக்குப் பக்கத்தில், தரையில் விரித்த மிதியடியின் மேல், சாவகாசமாக இருந்தது. அதுவரை எறும்பு ஊறுகிறது, களைப்பு, வயசு என்று என்னென்னவோ பேர் வைத்திருந்தேன். அன்றைக்குத்தான் தெரிந்தது. கதவைத் திறந்து என்ன சார் ஆச்சு என்று கேட்டவர்களிடம் நான் சொன்னேன், நான் பிரேக்கை மிதிச்சுட்டேன், மேடம்தான் ஆக்ஸிலேட்டர்லேர்ந்து கால எடுக்கல. அந்த அம்மா உடைந்த கையை மடியில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்து, சாரி சார், என்னாலதான், உங்களுக்கும் கெட்ட பேரு என்றார். மன்னிப்பு கேட்டார், என்னிடம். ஆஸ்பத்திரியில் பிலோமினாதான் டியூட்டி. மாவுக்கட்டுப் போட்டுவிட்டு, எல்லாருக்கும் வண்டி வராதுக்கா, பயம் இருந்தா விட்றணும் என்று நல்லதுக்குத்தான் சொன்னாள். அந்த அம்மா விட்டுவிட்டார். அந்த வழியாகப் போகும்போதெல்லாம் பார்ப்பேன், கார் சாம்பல் நிற உறை போட்டு நிற்கும், வாசலில் தன் அம்மாவை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டிருப்பார், இடது கையால்.

சந்தையில் சாவி இல்லை. கொத்தமல்லிக்காரர் கடையைக் கட்டிவிட்டுப் போயிருந்தார். ஆற்றுப்பாலம் வரைக்கும் போனேன், காலையில் அங்கே பெஞ்சில் பத்து நிமிஷம் உட்கார்ந்திருந்தேன், பெஞ்சுக்குக் கீழே சருகும் சிகரெட் துண்டும் கிடந்தன. மறுபடி ரொட்டிக்கடை, மறுபடி வரிக்கோடு. காலையில் ஒரு முறை, இப்போது ஒரு முறை, கணக்குப் பார்த்தால் ஏழெட்டுக் கிலோமீட்டர் இருக்கும். இந்த ஊரில் கால்தான் வண்டி, பிலோமினா சிரித்துக்கொண்டே சொல்வாள். என் வண்டிக்கு வலப்பக்கம் டயர் இல்லை, யாருக்கும் தெரியாமல் ஓட்டிக்கொண்டிருக்கிறேன். வீட்டு வாசல் படியில் உட்கார்ந்தேன். மணி இரண்டரை. தெருமுனையில் அவள் வருவது தெரிந்தது, நீலக் கோட்டு, தோள்பை, கூட்டத்தில் அவள் மட்டும் குள்ளம், வேகமாக நடை. அவள் நடக்கிறபோது பாதம் தரையைத் தொடுகிற ஒவ்வொரு தடவையும் அவளுக்குத் தெரிகிறது, அதை நினைத்துக்கொண்டு பார்த்தேன்.

“என்னங்க, வெளிய உக்காந்திருக்கீங்க?”

“சாவி, எங்கயோ வச்சுட்டேன்.”

“தொலைச்சுட்டீங்களா?”

“தொலையல. எங்கயோ இருக்கு.”

“வளையம் போடுங்கன்னு தலபாடா அடிச்சுக்கிட்டேன்” என்றாள், ஆனால் கோபமில்லை, களைத்திருந்தாள். தன் சாவியை எடுத்துக்கொண்டு முன்னால் படி ஏறினாள். கதவைத் திறந்ததும் தன் ஷூவைக் கழற்றி அலமாரியில் வைத்தாள். நான் வழக்கம்போல சுவரைப் பார்த்துத் திரும்பி நின்று குனிந்தேன்.

“ஷூ ஏன் இப்படி ஈரமா இருக்கு?”

“வாய்க்கால்ல கால விட்டுட்டேன்.”

“ஐயையோ, இந்தக் குளிர்லயா. கழட்டுங்க, கழட்டுங்க, குடுங்க இப்படி.” அவளே வாங்கி, தண்ணீர் வடியட்டும் என்று தலைகீழாகக் கவிழ்த்தாள். தண்ணீர் சொட்டியது. அதோடு ஏதோ ஒன்று ணங் என்று மரத்தரையில் விழுந்தது.

இரண்டு பேரும் அதைப் பார்த்தோம். சாவி.

அலமாரி விளிம்பிலிருந்து அது கீழே ஷூவுக்குள் விழுந்திருக்கிறது, அதன் மேலேயே காலை விட்டு நாடாவைக் கட்டிக்கொண்டு போயிருக்கிறேன். நான்தான் முதலில் சிரித்தேன். “பாத்தியா, இங்கனயே இருந்திருக்கு” என்றேன். அவள் சிரிக்கவில்லை. சாவியை எடுத்தாள், விளக்கு வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தாள், விரலைப் பார்த்தாள், விரலில் சிவப்பாக ஒட்டியிருந்தது.

“எத்தன மணிக்கு வெளிய போனீங்க?”

“ஒம்பதரை.”

“காலுறையக் கழட்டுங்க.”

“வேணாம் பிலோ, குளிருது.”

“கழட்டுங்க.” அது நர்ஸ் குரல். நான் ஸ்டூலில் உட்கார்ந்தேன். அவள் மண்டியிட்டு, ஈரக் காலுறையைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சுருட்டி இறக்கினாள், ஒட்டிக்கொண்டிருந்த இடத்தில் நிறுத்தி, தண்ணீர் தொட்டு, உரித்தாள். முன்பாதத்தில் சாவியின் பல் ஒவ்வொன்றும் பதிந்திருந்தது, ஆழமாக, ஓரமெல்லாம் கிழிந்து. யாருடைய காலையோ பார்ப்பதுபோல் நானும் எட்டிப் பார்த்தேன். வலிக்குதா என்று அவள் கேட்கவில்லை. பையிலிருந்து பேனாவை எடுத்தாள்.

“கண்ண மூடுங்க. பேனாவால தொடுவேன். தொடுறது தெரிஞ்சா, தெரியுதுன்னு சொல்லுங்க.”

கண்ணை மூடினேன். இது சுலபம் என்று நினைத்தேன். எத்தனை பேருக்குப் பரீட்சை வைத்திருக்கிறேன், கேட்பவரின் மூச்சை வைத்தே பதில் சொல்லிவிடலாம். இரண்டு நொடிக்கு ஒரு தடவை தொடுவாள், அவ்வளவுதானே. மனதுக்குள் எண்ணினேன். “தெரியுது” என்றேன். அவள் ஒன்றும் சொல்லவில்லை. சரியாகத்தான் சொல்லியிருக்கிறேன். மறுபடி எண்ணினேன். “தெரியுது.” சமையலறையில் குழாய் சொட்டியது. “இப்ப பெருவெரல்ல, தெரியுது” என்றேன், கொஞ்சம் தைரியம் வந்து. சத்தமே இல்லை.  கண்ணைத் திறந்தேன். அவள் கை இரண்டையும் தன் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பேனாவின் மூடியைக்கூட எடுக்கவில்லை.

“நான் இன்னும் தொடவே இல்லீங்க” என்றாள்.

பிறகு என் குதிகாலைத் தன் உள்ளங்கையில் ஏந்திக்கொண்டு கேட்டாள். “எப்போலேர்ந்து?”

எட்டு மாதமாகத் தயாராக வைத்திருந்த பதில் வாய் வரைக்கும் வந்தது. இங்க வந்த பிறகுதான், இந்தக் குளிர்லதான். நம்பிவிடுவாள், நம்பத்தான் விரும்புவாள். நான் மறுபடி கண்ணை மூடிக்கொண்டேன். “தமயந்தி மேடத்துக்குக் கை உடைஞ்சிச்சே” என்றேன். “நீதான கட்டுப் போட்ட. அன்னிக்கு நான் பிரேக்க மிதிக்கல பிலோ. அந்த அம்மா மேல தப்பில்ல. என் காலு பிரேக்கு மேலயே இல்ல.”

 அவள் மூச்சு விடுகிற சத்தம் மட்டும் கேட்டது, அதுவும் கிட்டத்திலா தூரத்திலா என்று புரியவில்லை. என் காலை இன்னும் பிடித்துக்கொண்டிருக்கிறாளா, விட்டுவிட்டாளா, எனக்குத் தெரியவில்லை. கண்ணைத் திறந்து பார்த்தால் தெரிந்துவிடும். நான் திறக்கவில்லை.